கடைமடைக்குத் தண்ணி வந்த அன்று

கண் விழித்ததும் நிலாவுக்கு முதலில் தண்ணி ஞாபகம்தான் வந்தது. வாய்க்கால் தண்ணி இல்லை, குடிக்கிற தண்ணி.

சிரிக்காதீர்கள். மைதானத்தின் நடுவில் விசிலும் கையுமாக நின்று பிள்ளைகளை 'இன்னொரு ரவுண்டு' என்று விரட்டிய உடற்கல்வி ஆசிரியை தமிழ்நிலா, பெற்ற தாய் வீட்டிலேயே ஒரு சொம்புத் தண்ணிக்குத் திருட்டுப் பூனையாக அலைந்துகொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவள் தண்ணியை மொடக் மொடக்கென்று குடித்தால் வயிறு போட்டுவிடும், பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி கட்டும். இது அம்மா கனகாவின் சட்டம். சாப்பிட்டு முடித்ததும் சின்ன டம்ளரில் சுக்குத் தட்டிப்போட்டு ஆறவைத்த தண்ணி கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால், "நாங்கள்லாம் பிள்ள பெத்துக்கலையா?" என்ற கேள்விதான் கிடைக்கும்.

பரிதி பிறந்து மூன்றாம் மாதம் நடக்கிறது. அந்தப் பிரசவத்தை இங்கே திரும்பச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. வலி எடுத்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போய், பிள்ளை பிறந்து, அழுகைச் சத்தம் கேட்டு எல்லாரும் கும்பிட்டு முடிப்பதற்குள் நிலாவுக்கு ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. யார் யாரோ கொடுத்த ரத்தம்தான் அவளை இழுத்துப் பிடித்து நிறுத்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து கீழ்வேளூருக்குக் கிழக்கே உள்ள இந்தக் கடைமடைக் கிராமத்துக்கு அவளை வேனில் படுக்க வைத்துத்தான் கொண்டுவந்தார்கள்.

வந்தவள் சொன்னபடி படுத்திருக்கலாம். படுப்பாளா? டீச்சர் ஆயிற்றே. ஓடினால்தான் தெம்பு வரும் என்று மாணவிகளுக்குச் சொன்னதைத் தனக்கும் சொல்லிக்கொண்டு, போன வாரம் விடியலில் யாருக்கும் தெரியாமல் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஓடினாள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். குழாயடி வரைக்கும்தான் கால் வந்தது. அங்கே தண்ணி பிடித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் இன்னொரு சட்டம். நிலா நின்றுகொண்டு பிள்ளையைத் தூக்கக்கூடாது. அவள் உட்கார்ந்தால் பிள்ளையை மடியில் வைப்பார்கள். எழுந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

சமாச்சாரம் பேராவூரணிக்குப் போகாமல் இருக்குமா? நேற்றுச் சாயங்காலம் மாமியார் சந்திரலேகா போன் செய்துவிட்டார். அதட்டியிருந்தால் பதிலுக்கு அதட்டலாம். அந்த அம்மாள் தணிந்த குரலில், "நாளைக்கு நான் வர்றேன் சம்பந்தி. பிள்ளைய நான் கொண்டாந்து வெச்சுப் பார்த்துக்கிறேன். நிலா அங்க இருந்து உடம்பத் தேத்திக்கட்டும்" என்றார். புட்டிப்பால் எல்லாம் இப்போது நன்றாகத்தான் வருகிறதாம்.

கனகா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரிங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டாள். மாமியார் கேட்டது நிலாவுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அம்மா சரி என்றதுதான் வலித்தது. ராத்திரி கணவன் இனியவனுக்குப் போன் செய்தாள். கயிறு மில்லில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு அவன், "அம்மா நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்றான். அவனை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆக, இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பரிதி இந்த வீட்டில் இருப்பாளா, பேராவூரணி போய்விடுவாளா என்பது தெரிந்துவிடும்.

காலையில் நிலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பரிதி கண்ணை மூடிக்கொண்டு, சின்னக் கை விரலை அம்மாவின் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டு, யாரோ பிடுங்கிவிடப் போகிறார்கள் என்பதுபோல் வேக வேகமாகக் குடித்தாள்.

நிலா தன்னையே குனிந்து பார்த்தாள். கை குச்சியாக இருந்தது. நகத்தில் ரத்த ஓட்டமே இல்லை. குடிக்கத் தண்ணி இல்லை, சாப்பாடு பத்தியச் சாப்பாடு. இந்த உடம்பிலிருந்து பால் எங்கிருந்து வருகிறது? யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? செத்துப் பிழைத்த உடம்பு, தனக்கே பற்றாத நிலையிலும், பிள்ளை வாய் வைத்ததும் எங்கெங்கோ வழித்துத் திரட்டி எடுத்துக் கொடுக்கிறது. அவளுக்கு மேல் சிலிர்த்தது. இத்தனை வருஷம் இந்த உடம்பை ஓட்டியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், நேரக் கணக்குப் போட்டு விரட்டியிருக்கிறாள். இது யார் என்றே தெரியாமல் இருந்துவிட்டோமே என்று முதல் முறையாகத் தோன்றியது.

விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் ஷமீராவிடம் போனில் வாங்கிக்கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. "உங்க ஸ்டூடண்ட் ஒருத்தி கால் ஒடஞ்சு கட்டுப் பிரிச்சுட்டு வந்தா, மறுநாளே ஓட விடுவீங்களா மிஸ்?" என்று கேட்டாள் அந்தப் பெண். ஓட்டத்துக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது என்றாள். படுத்தபடியே மூச்சை விட்டு அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து விட வேண்டும். வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். வயிற்றுக் கட்டை இறுக்கக்கூடாது. சத்து மாத்திரை போட வேண்டும், பால் கொடுக்கும்போதெல்லாம் தண்ணி குடிக்க வேண்டும். மூச்சு முட்டினால் நின்றுவிட வேண்டும். "நிக்கிறதும் பயிற்சிதான் மிஸ்" என்று கடைசியில் சொன்னாள்.

நிலா அத்தனையும் செய்தாள். அம்மா இறுக்கிக் கட்டிவிட்ட வயிற்றுக் கட்டைத்தான் அவிழ்க்க முடியவில்லை, தண்ணியை மட்டும் திருடிக் குடித்தாள்.

காலைப் பலகாரம் முடிந்த நேரத்தில் அப்பா செல்லதுரையின் போன் வந்தது. அந்த மனுஷர் விடிந்ததிலிருந்து வாய்க்கால் கரையிலேயே தவம் கிடந்தார். மேட்டூரைத் திறந்து, கல்லணையைத் திறந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, எல்லாரும் எடுத்தது போக மிச்சம் வருகிற ஊர் இது. ஊர் பூராவும் நாற்றங்காலை உழுது போட்டுவிட்டு வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தண்ணி பாலம் தாண்டிருச்சு கனகா" என்றார். குரல் தழுதழுத்தது. வருஷா வருஷம் வருகிற தண்ணிதான், வருஷா வருஷம் அந்த மனுஷருக்குக் குரல் தழுதழுக்கும்.

தெருவே புறப்பட்டது. பூவும் ஒரு படி நெல்லுமாகப் பெண்கள் கிளம்பினார்கள்.

இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. போன வருஷம் வாய்க்கால் காய்ந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வருஷம் முதல் தண்ணியில் கால் நனைக்க வேண்டும். பெற்றவளே இறங்கி நனைக்க வேண்டும். பெற்றவளால் முடியாவிட்டால் அப்பனைப் பெற்றவள் நனைக்கலாம். அப்படி நனைத்தால் அந்த வருஷம் முழுக்கப் பிள்ளை அவள் பொறுப்பு என்று பேச்சு.

கனகா கூடையில் பூவை எடுத்து வைத்துக்கொண்டே, "உன் மாமியாதான் வர்றாங்களே. அவங்க வந்து நனைச்சுக்கட்டும். நீ கதவச் சாத்திக்கிட்டுப் படு" என்றாள். மகள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். குழாயடியில் விழுந்து கிடந்த மகளைப் பார்த்த கண்ணுக்கு இனிமேல் எந்தத் தைரியமும் வராது என்று அவளுக்கே தெரியும். ஒரு தடவை போய்த் திரும்பிய மகளை இன்னொரு தடவை விட அவள் தயாராக இல்லை. அதற்காகப் பேத்தியை அனுப்பவும் தயார்.

நிலா எழுந்து உள்ளே போனாள். இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த பழைய நூல் புடவையை அவிழ்த்தாள். சுற்று சுற்றாகக் கழன்று விழுந்தது. பல நாளைக்கு அப்புறம் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

அந்தப் புடவையையே இரண்டாக மடித்து, தோளில் குறுக்கே போட்டு, முதுகில் முடிச்சுப் போட்டு, நெஞ்சோடு ஒரு தூளி கட்டினாள். கட்டிலில் உட்கார்ந்து பரிதியை அதற்குள் இறக்கினாள். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டு, அடிவயிற்றை உள்ளே இழுத்து, மெல்ல எழுந்தாள்.

தலை சுற்றும் என்று காத்திருந்தாள். சுற்றவில்லை.

வாசலுக்கு வந்தவளைப் பார்த்துக் கனகாவின் கையிலிருந்த கூடை சாய்ந்தது. "நிலா, வேணாம்டி" என்றாள்.

"ஓட மாட்டேம்மா. நடக்கிறேன். முடியலைன்னா நிப்பேன். பக்கத்துலயே வா."

கனகாவுக்கு வேறு வழி இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, விழப்போகிற விளக்கைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி, மகளுக்குப் பக்கத்திலேயே நடந்தாள்.

தெரு முடிந்து வாய்க்கால் கரை ஏறும் இடத்தில் நிலா நின்றாள். வேர்த்துக் கொட்டியது. புளியமர நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டு மேற்கே பார்த்தாள்.

தண்ணி வந்துகொண்டிருந்தது.

பிறந்து வளர்ந்த ஊர்தான். எத்தனையோ வருஷம் பார்த்ததுதான். ஆனால் அப்போதெல்லாம் தண்ணிக்கு முன்னால் ஓடி ஓடிக் கத்தியிருக்கிறாளே தவிர, நின்று பார்த்ததில்லை. மாசக் கணக்கில் வெயிலில் பிளந்து கிடந்த வாய்க்கால். அதன் நடுவில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணியின் முகம் மெல்ல ஊர்ந்து வந்தது. அதற்கு முன்னால் நண்டும் பூச்சியும் வளையை விட்டுக் கிளம்பி ஓட, கொக்குகள் கூடவே நடந்து கொத்திக்கொண்டு வந்தன. ஆற்றில் வெள்ளம் போகிற சத்தம் எல்லாம் இல்லை. ஒரு சின்ன முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

தண்ணி வேகமாக வரவில்லை. அதுதான் ஆச்சரியம். ஒவ்வொரு வெடிப்பிலும் நின்றது. வெடிப்புக்குள் இறங்கியது. உள்ளேயிருந்து காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. அந்த இடம் குடித்து நிறைந்த பிறகுதான் அடுத்த அடி வைத்தது. பள்ளம் வந்தால் பள்ளம் நிறையும் வரை அசையவே இல்லை. எத்தனை ஊர் தாண்டி, எத்தனை மதகு தாண்டி வந்த தண்ணி! கடைசி ஊரில், கடைசி வாய்க்காலில்கூட அவசரப்படாமல், காய்ந்த மண்ணை விட்டுவிட்டு ஓடாமல், கொடுத்துவிட்டுக் கொடுத்துவிட்டு நடந்து வந்தது.

நிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கும்பிட வேண்டும் போலிருந்தது. கை பிள்ளை மேல் இருந்ததால் மனசுக்குள் கும்பிட்டாள்.

பிறகு தண்ணியோடு நடந்தாள். கீழே தண்ணி, கரையில் அவள். அது நின்றபோது அவளும் நின்றாள். அது நகர்ந்தபோது நகர்ந்தாள். ஊர்ச்சனம் முன்னால் மதகடிக்குப் போய்விட்டது. இவளுக்கு அவசரம் இல்லை. இந்த வேகத்தில் நடக்க இவ்வளவு பெரிய துணை கிடைத்திருக்கிறதே.

கனகா நீட்டிய கையை எப்போது மடக்கினாள் என்று தெரியவில்லை. அவளும் வாய்க்காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பெரிய வெடிப்பு, தண்ணி அதில் இறங்கிக்கொண்டே இருந்தது, நிறைய மாட்டேன் என்றது. "எப்படிக் குடிக்குது பாரு" என்று கனகா தன்பாட்டுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள். வெடித்துப் போயிருந்த அவள் உதட்டைப் பார்த்தாள்.

மதகடியில் ஒரு ஆட்டோ நின்றது. சந்திரலேகா இறங்கி நின்றிருந்தார். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, தெருக்காரர்கள் சொல்லி, நேரே இங்கே வந்திருக்கிறார். ஆட்டோவில் ஒரு மூட்டை இளநீர், ஐஸ் பெட்டியில் தாய்ப்பால் ஊறச் சமைத்துக் கொடுக்கிற பால் சுறா மீன், பிறகு துணி மூடிய ஏதோ சாமான்.

நெஞ்சில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கரைமேல் வருகிற மருமகளைப் பார்த்ததும் அந்த அம்மாளின் கை தானாக முன்னே வந்தது.

"குடும்மா. நான் எறங்கி நனைச்சுட்டு வர்றேன்."

கூட்டம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. செல்லதுரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நானே எறங்குறேன் அத்தை" என்றாள் நிலா.

சந்திரலேகா கையை உடனே மடக்கவில்லை. நிலா காத்திருக்கவும் இல்லை. மதகின் பக்கத்தில் மண்ணை வெட்டிப் படி மாதிரி செய்திருந்தார்கள். குந்திக் குந்தி, கையை ஊன்றி, குழந்தை நடக்கப் பழகுவதுபோல் இறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணி வரட்டும் என்று காத்திருந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

சருகும் நுரையும் முதலில் வந்தன. பின்னால் செம்மண் கலங்கிய தண்ணி நிலாவின் பாதத்தைத் தொட்டது. காவிரி இவ்வளவு தூரம் வந்து தன் காலைத் தொடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். தூளியைத் தளர்த்தி, பரிதியின் இரண்டு பாதத்தையும் பிடித்து, மெல்ல முக்கினாள்.

பரிதி அழவில்லை. கண்ணை அகல விரித்துத் தன் காலைப் பார்த்தாள். இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று கேட்பதுபோல் வாயைத் திறந்தாள். மேலே பெண்கள் குலவையிட்டார்கள். பூவும் நெல்லும் தண்ணியில் விழுந்தன.

இறங்கிவிட்டாள், சரி. ஏற வேண்டுமே.

எழுந்து முதல் படியில் கால் வைத்தாள். தொடை நடுங்கியது. இரண்டாம் படியில் கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் இருட்டியது. நின்றாள். மேலேயிருந்து கனகா, "நிலா" என்று பாதிக் குரலில் கூப்பிட்டுக்கொண்டு பாய்ந்து இறங்கப் போனாள்.

சந்திரலேகா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்க சம்பந்தி. அவ ஏறிடுவா. நிக்கத்தானே நிக்கிறா."

நிலா கண்ணை மூடி மூச்சை விட்டாள். அடிவயிறு உள்ளே இழுத்துக்கொண்டு பிடித்தது. இத்தனை நாள் படுத்த இடத்தில் ரகசியமாகப் பழக்கியது, இதோ, கூப்பிட்டதும் வந்து நின்றது. இருட்டு விலகியது. ஒரு கால், நின்று, இன்னொரு கால். கரைமேல் வந்து நிமிர்ந்தபோது புடவை முழுக்க நனைந்திருந்தது. அதில் எவ்வளவு வேர்வை, எவ்வளவு காவிரி என்று யாரும் பிரிக்க முடியாது.

சந்திரலேகா பிள்ளைக்குக் கை நீட்டவில்லை. குனிந்து, முந்தானையால் பரிதியின் ஈரப் பாதங்களைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். நிமிராமல், நிலாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ பொழைக்க மாட்டேன்னு நான் முடிவே பண்ணிட்டேன் நிலா. எதிர்க்கடையில பால் பவுடர் டப்பா வாங்கியாந்து பைக்குள்ள வெச்சுக்கிட்டேன். அதுலேருந்து உன் முகத்தப் பாக்கவே எனக்குக் கூசுது. இந்தப் பிள்ளைய நாந்தான் வளக்கணும்னு ஒரு நெனப்பு, உள்ள விழுந்துட்டுது. போகவே மாட்டேங்குது."

நிலாவுக்குக் கோபம் வரும் என்றுதான் நான்கூட நினைத்தேன். வரவில்லை. அந்த ராத்திரி அரை மயக்கத்தில், கூரை விளக்கு ஒவ்வொன்றாகப் பின்னால் போக, ஸ்ட்ரெச்சரில் போனது ஞாபகம் வந்தது. ஐயோ, அவ்வளவுதானா என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது.

"நானும்தான் அத்தை முடிவு பண்ணிட்டேன்" என்றாள். "இந்த ஒடம்புதான் கேக்கல."

சந்திரலேகா அப்போதுதான் நிமிர்ந்து மருமகள் முகத்தைப் பார்த்தார். நன்றாக, கண் நிறையப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் ஏறச் சொன்னார்கள். நிலா மறுக்காமல் ஏறிக்கொண்டாள். ஷமீராவிடம் மறுபடி திட்டு வாங்க அவளுக்கு ஆசை இல்லை.

வாசலில் வந்து இறங்கியதும் கனகா விறுவிறு என்று உள்ளே போனாள். போன வேகத்தில் ஒரு பெரிய பித்தளைச் சொம்போடு வந்தாள். விளிம்பு வரைக்கும் தண்ணி, நடக்க நடக்கத் தளும்பிக் கீழே சிந்தியது. மகள் முன்னால் நீட்டினாள். "குடி" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண்ணைக் காட்ட இஷ்டம் இல்லை.

நிலா நின்றபடியே, ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறு கையால் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். தொண்டையிலும் கழுத்திலும் வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

சொம்பைக் கீழே வைக்கும்போது போன் அடித்தது. இனியவன். குரலில் பதற்றம் தெரிந்தது.

"நிலா, அம்மா அங்க வந்தாங்களா? காலையில மில்லுலேருந்து வந்து பாத்தா வீடு பூட்டியிருக்கு. சாவிய எதிர்வீட்டுல குடுத்துட்டுப் போயிருக்காங்க. பீரோவுல அவங்க புடவை ஒண்ணுகூட இல்ல. அப்பாவுக்குப் போன் போட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறார்."

நிலா வாசலைப் பார்த்தாள். ஆட்டோவிலிருந்து துணி மூடிய அந்தச் சாமானை அப்பா இறக்கிக்கொண்டிருந்தார். துணி விலகியது. பெரிய டிரங்குப் பெட்டி ஒன்று, அதன் மேல் சுருட்டிக் கட்டிய பாய், தலையணை. ஒரு பிள்ளையைத் தூக்கிப் போக வந்தவர்கள் இப்படியா வருவார்கள்? கூடவே தங்க வந்தவர்கள்தான் இப்படி வருவார்கள். சந்திரலேகா யாரையும் பார்க்காமல் இளநீர் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கனகா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கதான் இருக்காங்க" என்றாள் நிலா மெதுவாக.

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "பிள்ள? பிள்ள யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட."

"உக்காந்துக்கிட்டிருக்கியா?"

"இல்லைங்க" என்றாள் நிலா. "நிக்கிறேன்."